இன்னொரு தண்டவாளம் எங்கே?

திண்டுக்கல்,
நவம்பர் 2007

அன்பு மருமகன் அமலனுக்கு மாமா கஸ்பார் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கு அனைவரும் நலம். உன் அத்தையின் முழங்கால் மட்டும் நலமில்லை.

“சார், இன்னொரு தண்டவாளம் எங்க?” என்று உனக்குப் பேசியிருக்கும் பெண்ணின் தகப்பனார் மரியசெல்வம் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்டார். கையில் நீ உன் டிராமை எடுத்து அனுப்பிய போட்டோ. அவர் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை பிரான்சில் டிராம் ஓட்டுகிறான் என்றதும், “அப்ப நம்ம ரயில்வே ஆளு” என்றுதான் சம்மதித்தார். இப்போது டயரைப் பார்த்துவிட்டார்.

பாடம் நடத்திய பழக்கம், பொறுமையாக விளக்கினேன். மேலே மின்கம்பி, கீழே ரப்பர் டயர், சாலை நடுவே வழிகாட்ட மட்டும் ஒற்றைத் தண்டவாளம், மேட்டில் வழுக்காது, வேறு சில நகரங்களும் வாங்கியிருக்கின்றன என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். “ரயிலுக்கு எதுக்கு சார் டயரு? பஞ்சரானா கார்டு எறங்கிக் காத்தடிப்பானா?” என்றார். உதாரணம் சொன்னால் புரியும் என்று, “திருவிழாக் கூட்டத்தில் தாய் விரலைப் பிடித்து நடக்கிற பிள்ளை மாதிரி” என்றேன். அவர் மனைவி மரியசெல்வி உடனே, “அப்ப மாப்பிள்ளைக்குச் சொந்தமா வளைக்கத் தெரியாதா?” என்றார். “ஸ்டீயரிங்கே கிடையாதும்மா” என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. “ஆத்தாடி, ஸ்டீயரிங் இல்லாமயா பஸ்ஸு ஓட்டுறாரு!” “பஸ்ஸுன்னு சொல்லாதடி!” “அப்ப ரயிலா?” “அதையும் சொல்லாத!” கடைசியில், “செத்த பொறுங்க சார், இது என்ன வண்டின்னு தெரியட்டும்” என்று மரியசெல்வம் நிச்சயதார்த்தத்தையே நிறுத்திவிட்டார்.

ஆகவே உடனே வேறொரு போட்டோ அனுப்பு. தண்டவாளமும் மின்கம்பியும் தெளிவாக விழட்டும். டயருக்கு முன்னால் நீ நின்றுகொள். போதாவிட்டால் பருமனான நண்பர் யாரையாவது நிறுத்து.

உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்க அத்தையும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாமா கஸ்பார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பெண் ஏஞ்சலின் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். “எங்கப்பாவ நான் பாத்துக்கிறேன் சார். பஸ்ஸோ ரயிலோ, குறுக்க ஆளு வந்தா உங்க மருமகனால ஒதுங்க முடியாதுல்ல? அப்ப கோவப்படுவாரா, பயப்படுவாரா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்” என்றாள். ஆகவே போட்டோ வேண்டாம். அந்த நேரத்தில் நீ என்ன செய்வாய் என்பதை அவளுக்கே எழுது.