சாமியாக மறுத்த சட்டித்தலையர்

திருவண்ணாமலையில் சாமியாக ஆசைப்படாத ஒரே மனிதர் சட்டித்தலையர்தான். மற்ற எல்லோருக்கும், எனக்கும்கூட, எப்போதாவது ஒரு முறை அந்த எண்ணம் வந்து போயிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, பேசாமல் இருந்தால் இன்னும் மரியாதை. அந்த வேலை அவர் வாசலுக்கே வந்து கெஞ்சியது. போடா என்றுவிட்டார்.

என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே அவருடைய பட்டறை. முதலில் கேட், கிரில் என்றுதான் செய்துகொண்டிருந்தார். பிறகு சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாக வேறொரு ஆர்டர் வந்தது. வெளிநாடுகளில் சில பேர் சனி, ஞாயிறுகளில் பழைய காலத்துச் சிப்பாய்களாக வேஷம் கட்டிக்கொண்டு மைதானத்தில் சண்டை போட்டு விளையாடுவார்களாம். அவர்களுக்கு இரும்புத் தொப்பி வேண்டும். ராஜாவும் தளபதியும் போடுகிற மினுமினுப்பு அல்ல. முன்வரிசையில் நின்று முதல் அடி வாங்குகிற காலாட்படைக்காரன் தொப்பி. சுற்றிலும் அகலமான விளிம்போடு, வடைச்சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே டீக்கடைக்கு வருவார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

மொபெட்டிலும் அதேதான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் அருகே போலீஸ்காரர் மறித்தார்.

"ஹெல்மெட் எங்கய்யா?"

"தலையிலதான சார் இருக்குது?"

"இது ஹெல்மெட்டா?"

"ஈட்டியே தாங்கும் சார். மினி பஸ் தாங்காதா?"

அபராதத்தைக் கட்டிவிட்டு அதே தொப்பியோடு ஓட்டிக்கொண்டு வந்தார்.

வினை வந்தது வேறு பக்கமிருந்து. ஒவ்வொரு புது மாடலையும் அனுப்புவதற்கு முன் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு முறை மலையைச் சுற்றி வந்துவிடுவார். "ஏண்ணே, பட்டறையிலயே போட்டுப் பாத்தா ஆவாதா?" என்று கேட்டேன்.

"இது குதிரைல போறவன் தொப்பி இல்ல ஜெராக்ஸு, நடக்கிறவன் தொப்பி. நடந்து பாத்தாதான் எங்க இடிக்குதுனு தெரியும்."

கிரிவலப் பாதை என்பதால் காலில் செருப்பு கிடையாது. வேட்டி, வெற்றுடம்பு, தலையில் இரும்பு. வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று ஒதுங்கிப் போயிருப்பார்கள். ஒரு பௌர்ணமியன்று, அடி அண்ணாமலை தாண்டும்போது, வெளியூர்க் குடும்பம் ஒன்று தடாலென்று அவர் காலில் விழுந்தது. அவருக்கோ தொப்பியின் ரிவிட் ஆணி நெற்றியில் குத்திக்கொண்டிருந்தது.

"எழுந்திரும்மா! ஏற்கெனவே எரிச்சல் ஜாஸ்தியா இருக்குது! நான் சாமி இல்ல, வெல்டரு!"

அடுத்த மாதம் அந்தக் குடும்பம் பழத்தட்டோடு பட்டறையைத் தேடி வந்துவிட்டது. பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டதாம்.

எங்கள் ஊர்க் கணக்கு அப்படி. சித்தர் திட்டினால் நல்லது, அடித்தால் ரொம்ப நல்லது, 'நான் சாமி இல்லை' என்று மறுத்தால் சந்தேகமே வேண்டாம், அசல் சாமிதான். இவர் திட்டுவார், மறுப்பார், கையில் சுத்தியல் வேறு. கூட்டம் பெருகாமல் என்ன செய்யும்?

கூட்டத்தைப் பார்த்ததும் கட்டட ஓனர் வந்தார். "வெல்டிங்க நிறுத்திடுங்க. சும்மா உக்காந்தா போதும். வாடகையே வேணாம், உண்டியல நான் பாத்துக்கிறேன்."

"அப்ப என் வேலை?"

"அதான் சாமி வேலை கெடச்சிடுச்சே!"

"முடியாது."

"முடியலன்னா காலி பண்ணுங்க. பௌர்ணமி வரைக்கும் டைம் தரேன்."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அண்ணே, கூட்டத்துக்கு நடுவுல நின்னு 'ஆமா, நான்தான் சாமி'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இந்த ஊர்ல அப்படிச் சொன்னவன் பக்கத்துல ஒருத்தனும் நிக்க மாட்டான். கூட்டம் கலைஞ்சா ஓனருக்கும் ஆசை அடங்கிடும். நீங்க பாட்டுக்குத் தகடு அடிக்கலாம்."

தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்துவிட்டேன்.

பௌர்ணமியன்று ஓனர் பந்தலே போட்டுவிட்டார். நாற்காலிக்குக் காவித்துணி. சட்டித்தலையர் தொப்பியும் சுத்தியலுமாக வெளியே வந்தார். கூட்டம் கப்சிப். சொல்லுங்க, சொல்லுங்க என்று நான் ஜாடை காட்டினேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நான் வெல்டரு. இது காலாட்படைக்காரன் தொப்பி. அருளு கிருளு ஒண்ணும் கெடையாது, வெறும் தகடு. சந்தேகமா இருந்தா அடிச்சுப் பாருங்க!" என்று சுத்தியலை நீட்டித் தலையைக் குனித்தார்.

முன்னால் நின்ற அம்மாள் சுத்தியலை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார். அரோகரா சத்தம் தெருவைப் பிளந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஒரு வார்த்தைண்ணே! சொல்லியிருந்தா பட்டறை மிஞ்சியிருக்கும்!"

"சொல்லலாம்பா. அப்புறம் நான் தட்டினதெல்லாம் சாமி தட்டினதுனு ஆயிடும். கை காச்சுப் போயி கத்துக்கிட்டது இது. எந்தச் சாமிக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்."

அவர் பட்டறையைக் காலி பண்ணிக்கொண்டு போன பிறகு ஓனரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். யாரோ கேட்டதற்கு, "ஆமா, நான்தான் சாமி" என்று பெருமையாகச் சொல்லியும்விட்டார். ஒரு வாரத்தில் ஈ காக்காய் இல்லை. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள்.

காலி பண்ணிய அன்று மினி வேன் வந்தது. கீழ்பென்னாத்தூரில் கடலை உடைக்கிற மணிலாக்கொட்டை மில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் கிடைத்திருந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல" என்றார் ஓனர். சட்டித்தலையர் பட்டறைக்கல்லை ஏற்றினார், தொப்பியை மாட்டிக்கொண்டார், வேனின் பின்பக்கம் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார். வழியனுப்ப ஒரு பக்தரும் வரவில்லை. கடை ஷட்டரை இழுத்துவிட்டு நானும் ஏறினேன்.

"நீ எங்க வர்ற?"

"சும்மாதான்."

"கடைய யாரு பாக்கிறது?"

"யாரும் பாக்க வேணாம், நீங்க தள்ளி உக்காருங்க."

அந்த மனுஷனைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.