மாஸ்டரின் மூன்றாம் சுற்று

பழைய கட்டிடங்கள் இத்தனை காலம் இடியாமல் நிற்பதற்குக் காரணமே தான்தான் என்று நம்பியவர் எங்கள் மூன்றுசுற்று மாஸ்டர். நூறு வயது தாண்டிய கட்டிடம் என்றால் போதும், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவைத்து வலமாக மூன்று தரம் சுற்றுவார். பழைய சிறைச்சாலையைச் சுற்றினார். தபால் கந்தோரையும் சுற்றினார். உள்ளே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, கதவைப் பூட்டிக்கொண்டார்கள்.

சிட்னி பென்டில் ஹில் முதியோர் சங்கத்தின் மாதப் பயணங்களுக்கு அவர்தான் தலைவர். யாரும் தெரிவு செய்யவில்லை. பஸ்ஸில் முன்னால் ஏறி இருந்தார், அவ்வளவுதான். பலகையில் எழுதியிருக்கும் சரித்திரத்தை வாசிக்க மாட்டார். அதைவிட நல்ல சரித்திரம் அவரிடமே இருக்கும்.

ஒருமுறை நீல மலைப் பக்கம் போய்ப் பின்னேரம் முழுக்கக் காணாமற்போனார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அவர் மகள், இன்னொரு தரம் தொலைந்தால் இனிப் பயணமே கிடையாது என்று எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். மனிதர் அன்று இரவு சாப்பிடவும் இல்லையாம்.

அடுத்த பயணம், சிட்னிக்குத் தென்மேற்கே இருக்கும் பழைய நகரமான கேம்பல்டவுனுக்கு. அங்கே ஒரு கல்வீடு. வாசலில் ஒன்பது சோடி சப்பாத்தையும் வரிசையாக வைத்துவிட்டுச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில், வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் போகும் நடைபாதை ஒன்று மாஸ்டரின் கண்ணில் பட்டது. அதில் திரும்பிவிட்டார்.

சப்பாத்தை எடுத்து வருவோம் என்று ரஞ்சி அக்கா கெஞ்சினார். சுற்றை இடையில் விட்டால் பாவம், பாதை வளைந்து இதே வாசலுக்குத்தான் வரும், ஆகவே காடும் மூன்றாம் சுற்றில் சேர்த்தி என்று விளக்கம் வந்தது. பாவத்துக்குப் பயந்து பின்னால் போனோம். பாதை வளைவதாக இல்லை. யூக்கலிப்டஸ் காய்கள் ஒவ்வொன்றாக உள்ளங்காலில் தங்கள் சரித்திரத்தைச் சொல்லின.

"மாஸ்டர், இந்தச் சுத்து முடிய நாங்கள் மெல்பேர்னில நிப்பம் போல கிடக்கு," என்றார் ரஞ்சி அக்கா.

அந்த நேரம் பார்த்து மகள் அழைத்தாள். மாஸ்டருக்குத் தொலைபேசி பாரமாம், அது எப்போதும் என் கைப்பையில்தான். அவரைப் பார்த்தேன். அவர் ஒரு மரத்தை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அன்ரி, அப்பா திரும்பவும் துலைஞ்சிட்டாரோ?"

"இல்லைப் பிள்ளை. வாசலுக்கு வந்திட்டம். சப்பாத்துப் போடுறார்."

தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தேன். மாஸ்டர் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது மாஸ்டர்."

"எனக்கும் தெரியாது," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

கடைசியில் நாயோடு நடக்க வந்த வெள்ளைக்காரி ஒருத்திதான் எங்களைச் சப்பாத்துகளிடம் கொண்டுவந்து விட்டாள். வழி முழுக்க மாஸ்டர் அவளுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகும் நாலு வருடம் எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். அவர் கண்ணை மூடும்வரை, அன்று காட்டில் சொன்னதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.