வீட்டு வரிச் சலுகையும் என் இரண்டு வயதுகளும்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்படியே இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று போன வாரம்தான் ஓர் அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால், எதை எழுதவும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது. போனிலேயே சொல்லியிருப்பேன். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். நீ காய் நறுக்கிக்கொண்டே பேசுவாய். உன் மருமகள் பக்கத்தில் நிற்பாள். இது மருமகள் காதில் விழக் கூடாத சங்கதி. ஏன் என்பது போகப் போகத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு படி.

வினை கூரையிலிருந்து வந்தது. இரண்டு மழைக்கு முன்பு படுக்கையறைக் கூரையில் ஓர் ஈரத் திட்டு தெரிந்தது. போன மழைக்கு அது சொட்டத் தொடங்கி, கட்டிலை நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்து, இப்போது அறைக்குள் மூன்று வாளிகளும் ஓர் அண்டாவும் இருக்கின்றன. கொத்தனாரைக் கூப்பிட்டேன். அண்ணாந்து பார்த்தவர் ரொம்ப நேரம் தலையைக் கீழே இறக்கவே இல்லை. "இது பூசி மெழுகுற வேலை இல்ல சார். இதுக்குக் கீழ படுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக்கூடக் காசு வாங்காமல் போய்விட்டார். காசு வாங்காமல் போகும் கொத்தனாரைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? என் வீட்டுக்காரி எங்கள் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. மகள் கால் எலும்பு முறிந்து கிடக்கிறாளே, அதற்காக. நான் மட்டும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, சொட்டுச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ். அறுபத்தைந்து வயது முடிந்தவர்கள் அல்லது கணவரை இழந்த பெண்கள், சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் விண்ணப்பித்தால் வீட்டு வரி பாதியாகும்; அந்தச் சலுகைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு வீடு பழுதுபார்க்கவும் உதவித்தொகை உண்டு; மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் வரி கட்டுவது முப்பது வருடமாக என் வீட்டுக்காரியின் இலாகா. பல்பு மாற்றுவது என் இலாகா. அவள் திரும்பி வருவதற்குள் நானும் ஒரு காரியத்தை முடித்துக் காட்டலாமே என்று ஓர் ஆசை வந்துவிட்டது. நிலைப்படியில் அடித்திருக்கும் தகட்டிலிருந்து வரி எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரிந்த கதை. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, பையன் குள்ளமாகத்தானே இருக்கிறான் என்று அப்பா என் வயதில் இரண்டைக் குறைத்துக் கொடுத்தார். சான்றிதழ்படி எனக்கு அறுபத்து நாலு. உள்ளபடி அறுபத்தாறு. அரசாங்க அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவன் நான். ஒரு கால்புள்ளி தவறியிருந்தால் பக்கத்தைத் திருப்பி அனுப்புவேன். என் பிறந்த தேதியை மட்டும் திருத்தாமலே விட்டுவிட்டேன். அம்மாவின் தையல் மெஷின் டிராயரில் ஆஸ்பத்திரிப் பிரசவச் சீட்டு கிடந்தது நினைவிருக்கிறதா? அதைத் தேடி எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தேன். உண்மையைத்தானே சொல்கிறோம், இதில் என்ன பயம் என்று நினைத்தேன்.

மூன்றாம் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். "வயசு என்ன சார்?" என்று கேட்டார். எளிமையான கேள்வி. நான் வாய் தவறி, "எந்த வயசும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு எத்தனை வயசு சார் இருக்கு?" என்றார்.

அறுபத்தாறு என்றேன். அவர் வரி எண்ணை அடித்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "இந்தப் பேர்ல இருக்கறது நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். "நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.  சான்றிதழ்த் தேதி அதற்குள் எப்படி அவர் திரைக்கு வந்தது? எழுந்துபோய் உள்ளே யாரிடமோ பேசிவிட்டு வந்தவர், குரலைத் தாழ்த்தி, "இங்க வேற மாதிரி பதிவாகியிருக்கு சார். அடுத்த வியாழக்கிழமை ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். அவர் நேர்ல பார்த்த பிறகுதான் முடிவு பண்ணுவாங்க" என்றார். வீட்டைப் பார்க்கவா என்று கேட்டேன். "உங்களையும்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த தவறு, பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரை 'சட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவருக்கும் பொழுது போக வேண்டுமே. "அறுபதுல ரிடையர் ஆகணும். நீங்க உண்மைல அறுபத்திரண்டுல ஆகியிருக்கீங்க. அப்போ ரெண்டு வருஷம் உங்களுக்கு உரிமையில்லாத நாற்காலில உட்கார்ந்திருக்கீங்க. சம்பளத்தைத் திருப்பிக் கேட்பான். பென்ஷனை நிறுத்துவான்" என்றார். அப்படியென்றால் அறுபத்து நாலு என்றே சொல்லிவிடுகிறேன் என்றேன். "அப்போ விண்ணப்பத்துல பொய் சொன்னதா ஆகும். அது தனிக் கேஸ்" என்றார். அக்கா, அறுபத்தாறு என்றால் அச்சகம் பிடிக்கும், அறுபத்து நாலு என்றால் வரி அலுவலகம் பிடிக்கும். அறுபத்தைந்து என்று சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து பிடிப்பார்கள். இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் வாளியோடு வாளியாக இருந்தேன். உதவி என்று வாயைத் திறந்த அன்றே அவர்கள் பார்வையில் விழுந்துவிட்டேன். கேட்காதவரைக்கும்தான் நமக்குப் பாதுகாப்பு போலிருக்கிறது.

 வருகிற ஆய்வாளர் என்னைப் பார்த்ததும் அறுபத்தாறு என்று நம்ப வேண்டும் என்பதற்காகச் சவரம் செய்வதை நிறுத்தினேன். 'சட்டம்' அவருடைய பழைய கைத்தடியைக் கொடுத்தார். ஆனால் பென்ஷன் ஆபீஸ்காரர்கள் தெருவில் பார்த்தால் அறுபத்து நாலாகத் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் வீட்டுக்குள் தடியோடும் வெளியே தடியில்லாமல் விறுவிறுவென்றும் நடந்தேன். நேற்று முன்தினம் அழைப்பு மணி அடித்தது. ஆய்வாளர் முன்கூட்டியே வந்துவிட்டார் என்று தடியை ஊன்றி, முதுகை வளைத்து, கொஞ்சம் முனகிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். வந்தவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். காலையில்தான் கடைத்தெருவில் ஓடிப்போய் நான் பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறார். "ஐயோ சார், மதியத்துக்குள்ள இப்படி ஆயிட்டீங்களே" என்று என்னை அலாக்காகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். நடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தவர்கள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அது நிஜமாகவே ஏறித்தான் இருந்தது. வயது என்ன என்று கேட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். என் உண்மையான வயதை உறுதிப்படுத்த ரத்த சம்பந்தமுள்ள மூத்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் வலுவாக இருக்கும் என்கிறார் 'சட்டம்'. மூத்தவள் என்று எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். நான் பிறந்தபோது உனக்கு ஐந்து வயது. தொட்டிலை ஆட்டிக் கவிழ்த்ததை நீயே நூறு தடவை சொல்லியிருக்கிறாய். சங்கடம் என்னவென்றால், உன் சம்பந்தி வீட்டாருக்கு நீ ஏழெட்டு வருடமாக அறுபத்து நாலிலேயே நிற்கிறாய். அந்தக் கணக்கில் நீ எனக்கு இரண்டு வயது இளையவள். தங்கை வந்து, அண்ணன் பிறந்ததைக் கண்ணால் கண்டேன் என்று சாட்சி எழுதினால் எந்த ஆய்வாளர் ஒப்புக்கொள்வார்? ஆகவே உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஒரே ஒரு காகிதத்தில், ஒரே ஒரு நாளுக்கு மட்டும், எழுபத்தொன்று என்று ஒப்புக்கொள். மருமகளுக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பென்ஷன் போனாலும் போகட்டும். இந்தக் கூரை என் வீட்டுக்காரி தலையில் விழுந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் ஒரே வயதோடு நூறாண்டு வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கலங்கிப்போன உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இவள் ஊரிலிருந்து வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டவள், "வீடு எப்போங்க உங்க பேருக்கு மாறுச்சு?" என்றாள். பத்திரம் அவள் பேரில்தான் இருக்கிறதாம். அதில் நான் போட்டது சாட்சிக் கையெழுத்தாம். போட்ட கையெழுத்து நினைவிருந்தது, எந்த இடத்தில் போட்டேன் என்பது நினைவில்லை. போன வருடமே அவள் விண்ணப்பித்து, வரியும் குறைந்துவிட்டதாம். அலமாரியிலிருந்து உத்தரவை எடுத்துக் கொடுத்தாள். அவள் தொகையை மட்டும் படித்திருக்கிறாள். நான் முழுவதையும் படித்தேன். என் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

விசாரித்தால், கவுண்டரில் "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார்களாம். நான் முடி வெட்டப் போயிருந்தேன். "இல்லைங்க" என்றிருக்கிறாள். எப்போது என்று கேட்டார்களாம். "இப்போதாங்க, ஒன்பது மணிக்கு" என்றிருக்கிறாள். உடனே நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ஏதோ சான்றிதழை மெதுவாகக் கொண்டுவந்தால் போதும் என்றார்களாம். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

எட்டுப் பக்கத்தைத் திரும்ப எழுத முடியாது. அதனால் இப்படியே அனுப்புகிறேன். நான் பிறந்ததற்கு உன் சாட்சி வேண்டாம். நான் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமைக்குள் வந்து சேரும்படி அனுப்பு. வயதைக் குறிப்பிட வேண்டாம்.