அறுபத்திரண்டு பேருக்குப் பத்துப் பத்து நிமிடம்

அனுப்புநர்: எட்டாம் வகுப்பு, ஜன்னல் ஓரம், இரண்டாவது பெஞ்சு.
பெறுநர்: உடற்பயிற்சி ஆசிரியை அவர்கள், விளையாட்டுச் சாமான் அறை.

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, அதாவது சித்திக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பது தெரியும். இன்று மூன்றாவது பீரியடில் எங்களை நான்கு சுற்று ஓடவிட்டு, தாங்களும் கூடவே ஓடி வந்து, மூச்சு வாங்காமல் ஆளுக்கொரு திட்டு கொடுத்தீர்கள். இங்கே நானும் அப்பாவும் நலம். அம்மா நலமில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். விடுப்புக் கடிதம் தவிர வேறு கடிதம் எழுதிப் பழக்கமில்லாததால் அதே மாதிரியில் ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்கவும். எனக்கு விடுப்பு வேண்டாம். வேறொன்று வேண்டும். அதைக் கேட்கப் பயமாக இருப்பதால் முதலில் மற்றதை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

நேரில் சொல்லலாமே என்பீர்கள். "ஸ்கூல்ல நான் உனக்கு டீச்சர், வீட்லதான் சித்தி" என்று ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே சொன்னீர்கள். நீங்கள் வீட்டுக்கு வந்து பதினொரு மாதம் ஆகிறது. ஆக எனக்கு இப்போது டீச்சர் மட்டும்தான் இருக்கிறார், சித்தி இல்லை. அதனால் இதைக் காலையில் உங்கள் விசில் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். விசில் இல்லாமல் நீங்கள் மைதானத்துக்கு வரமாட்டீர்கள் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

எழுதுவது கணக்கு நோட்டின் பின்பக்கத்தில். மேஜை விளக்கின் மேல் அப்பாவின் வேலைச் சட்டையைப் போட்டு மூடியிருக்கிறேன். லிஃப்ட் ரிப்பேர்காரர் சட்டை என்பதால் விளக்குச் சூட்டில் கிரீஸ் வாசனை தூக்குகிறது. அம்மா பக்கத்து அறையில் விழித்துத்தான் இருக்கிறாள். அவளுடைய நோயில் தூக்கமும் வராது, தூங்கினாலும் தூங்கின மாதிரி இருக்காது. இப்போதுகூட, "தூங்கலையா?" என்றாள். "கணக்கும்மா" என்றேன். "பொய்" என்றாள். அவ்வளவுதான். முன்பெல்லாம் அம்மா என்னை முழு வாக்கியத்தில் திட்டுவாள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு திட்டு ஆரம்பித்தால் நீங்கள் வந்து, உட்கார்ந்து, டீ குடித்து முடிக்கும்போதுதான் முற்றுப்புள்ளி வரும். இப்போது ஒரு நாளைக்குப் பத்து நிமிடப் பேச்சுதான் அவளிடம் இருக்கிறது. அதற்கு மேல் பேசினால் நாக்கு குழறி, மறுநாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறாள். அதனால் திட்டுகளை எல்லாம் சுருக்கிவிட்டாள். "ஏன்?" "குப்பை." "தலை சீவு." எனக்கு அந்த நீளத் திட்டுகள் வேண்டும், சித்தி.

நோயின் பேர் நாள்பட்ட களைப்பு நோய். பேர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை, என் கையில் கிடைத்தால் நான்கு சுற்று ஓடவிடுவேன். அந்தப் பேரைச் சொன்னவுடனே எல்லோரும், "எனக்கும்தாம்மா களைப்பா இருக்கு, நான் என்ன படுத்துட்டா இருக்கேன்?" என்கிறார்கள். அதற்காகத்தான் நானும் அப்பாவும் இதைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க நினைத்தோம். அம்மாவிடம் கேட்டோம். "எடுங்க. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி" என்றாள். மாடி வீட்டு வீடியோக்காரர் கேமராவுக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவருக்கு என் முதல் நன்றி. ஆனால் அவர் இருபது வருஷமாகக் கல்யாணம் மட்டுமே எடுத்தவர். அம்மாவைப் படுக்கையில் பார்த்ததும், "மேடம், லேசா முகத்தைத் திருப்புங்க, வெட்கப்படுற மாதிரி" என்றார். "சார், இது நோய்ப் படம்" என்றேன். "தெரியும் பாப்பா, அதுக்காக லைட்டிங்கை விட முடியுமா?" என்றார். முதல் இரண்டு நிமிட வீடியோத் துண்டில் அம்மா ஜன்னலைப் பார்க்கிறாள், தலைமுடி மெதுவாகப் பறக்கிறது, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ தானாகவே விரிகிறது. அந்த ரோஜாவை எடுக்கச் சொன்னதற்கு, "அது சாஃப்ட்வேர்லயே ஒட்டிக்கிட்டு வருதும்மா" என்றார். படச் செலவுக்குப் பணம் சேர்க்க இணையத்தில் திறந்திருந்த நன்கொடைப் பக்கத்தில் அதைப் போட்டோம். வந்தது மூன்று கருத்து. மூன்றிலும், "அம்மா ரொம்ப அழகா இருக்காங்க, நோயாளியை எப்போ காட்டுவீங்க?"

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இதைத்தானே நான்கு வருஷமாக எல்லோரும் நேரிலேயே சொல்கிறார்கள், அதைச் சொல்லவைக்க எதற்குப் படம்?

அப்புறம் ஒரு தப்பு நடந்தது, நல்ல தப்பு. வீடியோக்காரர் கேமராவை அணைக்க மறந்து குளியலறைப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அம்மா பல் தேய்க்க வந்தாள். தேய்த்தாள். வாயைக் கொப்பளித்தாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி மிதியடிமேல் படுத்தாள், பிரஷ் கையிலேயே இருந்தது. நாற்பது நிமிடம். கடைசியில் வீடியோக்காரரின் கால் மட்டும் உள்ளே வந்து நிற்கிறது, பிறகு பின்னால் போகிறது. அவர் அந்தத் துண்டில் ரோஜா போடவில்லை. "இதைத் தொடக்கூடாது பாப்பா" என்று மட்டும் சொன்னார். அம்மா பார்த்துவிட்டு, "போடு" என்றாள்.

அதன்பிறகு பணம் வந்தது சித்தி. யார் யாரோ கொடுத்தார்கள். ஒரு லாரி ஓட்டுநர் வழியில் நிறுத்தி அனுப்பியதாக எழுதியிருந்தார். ஒரு அக்கா ஐந்து வருஷமாகப் படுத்திருக்கிறாராம், இந்தத் துண்டைத் தன் மாமியாரிடம் காட்டினாராம், மாமியார் எழுந்துபோய்ப் பாத்திரமெல்லாம் கழுவி வைத்தாராம். அதைப் படித்துவிட்டு அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் லிஃப்டுக்குள்ளேயே நின்று அழுதிருக்கிறார். லிஃப்டில் மாட்டிக்கொண்டு பயந்துவிட்டார் என்று வெளியே இருந்தவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்களாம், அவர்களுக்கும் நன்றி. முந்தாநாள் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது. படம் நடக்கும்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. இனிமேல் நான் செய்தது.

அந்த நன்கொடைப் பக்கத்தில், கொடுப்பவர்களுக்கு என்ன பரிசு தருவீர்கள் என்று மூன்று கட்டம் இருந்தது. மூன்றையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும். முதலில் நன்றிக் கடிதம் என்று போட்டேன். இரண்டாவதில், படத்தின் கடைசியில் பேர். மூன்றாவது பெரிய தொகை கொடுப்பவர்களுக்கு, அதற்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டிலேயே விலை மதிப்பானது எது என்று யோசித்தேன். "அம்மாவோடு போனில் பத்து நிமிடம் பேசலாம்" என்று போட்டுவிட்டேன். யார் அவ்வளவு பெரிய தொகை கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அறுபத்திரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள்.

ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் பத்து மணி நேரம் இருபது நிமிடம். கணக்கில் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வரும், இந்தக் கணக்கு மட்டும் மூன்று தடவையும் ஒரே விடை. ஒரு நாளைக்கு ஒருவர் என்று வைத்தாலும் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் அப்பாவுக்கும் எனக்கும் "தலை சீவு" என்றுகூட ஒரு வார்த்தை மிஞ்சாது. நாளை மாலை நான்கு மணிக்கு ஆரம்பம் என்று பக்கத்திலேயே தேதி விழுந்திருக்கிறது. அம்மாவுக்கு இந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றித் தெரியாது. தெரிந்தால் பேசிவிடுவாள். வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று அறுபத்திரண்டு பேரிடமும் பேசிவிட்டுப் படுத்துவிடுவாள். அவள் அப்படித்தான்.

அதனால் சித்தி, நீங்கள் அம்மாவாகப் பேச வேண்டும்.

கடிதத்தைக் கசக்கிவிடாதீர்கள். உங்கள் இரண்டு பேர் குரலும் போனில் ஒன்றுதான். ஒருதடவை அப்பா போனில் உங்களை அம்மா என்று நினைத்து, "உன் தங்கச்சி வர்றாளாமே, நான் வெளியே கிளம்பிடறேன்" என்று சொல்லி, நீங்கள் ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை. அப்பாவே ஏமாந்த குரல். மற்றவர்கள் எம்மாத்திரம்?

ஆனால் சில குறிப்புகள். நீங்கள் மைதானத்துக் குரலில் பேசக் கூடாது. மெதுவாக, நடுநடுவே நிறுத்தி. அவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. "முயற்சி பண்ணினா முடியாதது இல்ல" என்று சொல்லவே கூடாது, அம்மா முயற்சி செய்துதான் படுத்திருக்கிறாள். "நேற்று நன்றாக இருந்தீர்களே" என்று கேட்டால், நேற்று நன்றாக இருந்ததால்தான் இன்று இப்படி என்று சொல்ல வேண்டும். இந்த நோயில் இன்று நடந்ததற்கு இன்றே வலிக்காது, ஒரு நாள் தள்ளி மொத்தமாக விழும். எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "பரவாயில்லை" என்பாள், அதை நம்பக் கூடாது. குரல் மெலிந்தால் பேச்சை முடித்துவிட வேண்டும், கோபம் இல்லை என்று தெரிகிற மாதிரி.

இதை எழுதும்போது ஒன்று சொல்லத்தான் வேண்டும். சொல்லமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன். பதினொரு மாதத்துக்கு முன்னால் நீங்கள் வந்து, "எந்திரிக்கா, எல்லாம் மனசுதான்" என்று அம்மாவைத் தெருக்கோடி மருந்துக்கடை வரை நடத்திக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தீர்கள். "பாத்தியா? ஒண்ணுமே இல்ல உனக்கு!" என்றீர்கள். அம்மாவும் சிரித்தாள். நீங்கள் படியிறங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்தாள். நானும் அப்பாவும்தான் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் முழுதாக விழுந்தவள் பத்தொன்பது நாள் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் ஆகவில்லை, போன் சத்தம் ஆகவில்லை. நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காதது கோபத்தால் இல்லை சித்தி. இருபதாம் நாள் அவள் போனைத் தேடினாள், அதற்குள் நீங்கள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தீர்கள். "அவகிட்ட சொல்லாதே. என்னை நடக்கவச்சிட்டோம்னு அவளுக்கு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷம்" என்றாள். அதுவே அன்றைக்குப் பேசிய பேச்சு முழுதும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றிதான். ஒன்றாம் வகுப்பில் எனக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்ததற்கும், இன்று நாலாவது சுற்றில் நான் குறுக்கே ஓடியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததற்கும். சரி என்றால் நாளை டிரில் முடிந்ததும் இரண்டு விசில் ஊதுங்கள். முடியாது என்றால் வழக்கம்போல் ஒன்று.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கும் தொண்டைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி, வீட்டில் அக்கா மகள்.

பின்குறிப்பு: அறுபத்திரண்டு பேரின் எண்ணையும் உங்களுக்கு எழுதித் தரலாம் என்று இப்போது அப்பாவின் போனைத் திறந்தேன். சார்ஜர் வயர் எட்டாததால் போனைப் படுக்கவைத்தேன். படுக்கவைத்ததும் திரை அகலமாகி, கொடுத்தவர்கள் அட்டவணையில் இன்னொரு வரிசை வந்தது, இத்தனை நாளும் வலது பக்கம் திரைக்கு வெளியே இருந்திருக்கிறது. "பரிசு வேண்டுமா?" என்று தலைப்பு. வேண்டாம். வேண்டாம். வேண்டாம், அம்மா ஓய்வெடுக்கட்டும். வேண்டாம், அவங்களைப் பேசவைக்காதீங்க. அறுபத்தோரு பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். இரண்டு தடவை எண்ணினேன், அழுதுகொண்டே எண்ணியதால் மூன்றாவது தடவையும் எண்ணினேன்.

ஒரே ஒருவர் மட்டும் வேண்டும் என்று போட்டிருக்கிறார். பேர் "நலம்விரும்பி". "அவளுக்கு முடிந்த நாளில், முடிந்த நேரத்தில். பேச முடியாவிட்டால் லைனில் சும்மா இருந்தாலும் போதும்" என்று எழுதியிருக்கிறார். பல் தேய்த்த வீடியோ வந்த அன்றைக்கே கொடுத்திருக்கிறார். கீழே போன் நம்பர் இருந்தது. அந்த நம்பரை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் சாமான் அறைக் கதவில், "அடிபட்டால் உடனே கூப்பிடவும்" என்பதற்குக் கீழே சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறது.

அதனால் நீங்கள் அம்மாவாகப் பேச வேண்டாம் சித்தி. உங்களிடம் நீங்களே எப்படிப் பேசுவீர்கள்? காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு மணிக்கு அவளே பேசுவாள். இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் அந்தக் குறிப்புகள் இப்போதுதான் உங்களுக்குத் தேவைப்படும், அதனால் அப்படியே வைக்கிறேன். விசில் வேண்டாம். லைனில் சும்மா இருந்தாலும் போதும் என்றிருக்கிறீர்கள், அது மட்டும் நடக்காது. பதினொரு மாதமாக உங்களுக்காக முழு வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.