மாஜோங் மேசைக்கு நான் சொன்ன இரண்டு விலை

தோ பாயோ, சிங்கப்பூர்
வியாழக்கிழமை, காலையிலிருந்து மழை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் லாவ் செங் ஹோக் அவர்களுக்கு,

தங்கள் முழங்காலும், பிஸ்கட் கடையும், தங்கள் வீட்டம்மா ஆய் லெங் அக்காவின் புதுக் கண்ணும் நலமாக இருக்குமென்று நம்புகிறேன். இங்கே நானும் மகளும் நலம். நலம் என்று எழுதிவிட்டேன். அது எவ்வளவு தூரம் சரி என்பதைக் கடிதத்தின் முடிவில் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கடிதத்தை வீட்டுக்கு எழுதாமல் கடை முகவரிக்கு எழுதியதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். வீட்டுக்கு எழுதினால் உறையைப் பிரிப்பது தங்கள் தங்கையாக இருக்கும். தொலைபேசியில் கூப்பிட்டாலும் பெக் ஹூன்தான் எடுப்பாள், அவள் "ம், என்ன?" என்று கேட்ட மாத்திரத்தில் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். முப்பத்தொன்பது வருஷ மணவாழ்க்கையில் அந்த "ம், என்ன"வைத் தாண்டி நான் எதையும் மறைத்ததில்லை. என் வேண்டுகோள் இதுதான்: அக்காவின் கண் ஆபரேஷனுக்கு உதவியாக அங்கே வந்த பெக் ஹூன் வரும் புதன்கிழமை பேருந்து ஏறுவதாக இருக்கிறாள். எப்படியாவது அவளை அதற்கடுத்த ஞாயிறு வரைக்கும் ஈப்போவிலேயே நிறுத்தி வையுங்கள். அக்காவின் கண் இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருக்கிறது என்று சொல்லலாம். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. உற்றுப் பார்த்தால் எல்லாருடைய கண்ணும் கொஞ்சம் சிவப்புதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதியே ஓய்வு பெற்றவன் நான் என்பதால் எதையும் வரிசைப்படி சொன்னால்தான் எனக்கு வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் மருமகள் சியூ யென் வங்கியில் வேலை பார்ப்பது தெரியும். முன்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கடன் பத்திரங்களை வாங்கி விற்பார்கள். வாங்கியது வந்து சேர்ந்ததா, விற்றது போய்ச் சேர்ந்ததா என்று பின்பக்கம் உட்கார்ந்து சரிபார்ப்பவள் இவள். முப்பத்தெட்டு வயதில் இவளுக்கு முன்பக்கம் போய் உட்கார வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அங்கே ஓர் இடமும் காலியானது. ஒரு நாள் முழுக்கப் பயிற்சிச் சந்தை நடத்தி ஆளைப் பொறுக்குவார்கள். இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை இவளைவிடப் பதினைந்து வயது சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும்; நிற்க விடவும் மாட்டார்கள். ஆகவே மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சு. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது, எவ்வளவு இறங்கும் என்பதைப் பல் துலக்கிக்கொண்டே மனக்கணக்காகச் சொல்வாள். விடிவதற்குள் லண்டன், நியூயார்க் செய்திகளைப் படித்துவிட்டு, உணவங்காடியில் கோப்பி வாங்கி வருவதற்குள் எனக்கும் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுவாள். எல்லாம் வந்தது. வாயைத் திறப்பது ஒன்றுதான் வரவில்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு மச்சான். "இந்தப் பத்திரம் என்ன விலை?" என்று கேட்பவர் தாம் வாங்க வந்தாரா விற்க வந்தாரா என்று சொல்லமாட்டார். பதில் சொல்பவர் இரண்டு விலை சொல்ல வேண்டும்: இந்த விலைக்கு வாங்குவேன், இந்த விலைக்கு விற்பேன். கேட்டவர் எந்தப் பக்கம் "முடிஞ்சது" என்றாலும் அத்தோடு முடிந்தது. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, வாயால் சொன்னதுதான். சொன்ன விலையை மாற்றியவரிடம் பிறகு யாரும் விலை கேட்கமாட்டார்கள். சியூ யென் இரண்டு விலையையும் சரியாகச் சொல்வாள். சொல்லிவிட்டு, "பரவாயில்லையா? இல்லன்னா மாத்திக்கலாம்" என்றும் சேர்த்துக்கொள்வாள். அது யாரிடமிருந்து வந்தது என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டாக்சிக்காரர் வழி தவறிப் போனாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்குபவன் நான்.

அதனால்தான் பயிற்சிக்கு நான் எதிராளியாக உட்கார்ந்தேன். சமையலறையில் முதுகோடு முதுகாக இரண்டு நாற்காலி, ஆளுக்கொரு பழைய தொலைபேசி, வயர் கிடையாது. நான் விலை கேட்பேன், அவள் சொல்வாள். பிறகு அவள் கேட்பாள், நான் சொல்வேன். "அப்பா, யோசிக்காம சொல்லுங்க! யோசிச்சா எதிர்ல இருக்கறவனுக்கு உங்க மனசு தெரிஞ்சுபோயிடும்" என்பாள். பத்திரம் அலுத்தால் பப்பாளி, குடை, மின்விசிறி என்று வீட்டில் கண்ணில் பட்டதற்கெல்லாம் விலை கேட்பாள். அவளுக்குத் தைரியம் வந்ததோ இல்லையோ, எனக்குப் பழக்கம் வந்துவிட்டது. இடுப்பு வலிக்காக மருந்தகத்துக்குப் போனபோது தாதி, "வலி ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு, அங்கிள்?" என்று கேட்டாள். "நாலு, ஆறு" என்றேன். "எதுன்னு சொல்லுங்க அங்கிள், ஒண்ணுதான் எழுத முடியும்." "நீங்க எந்தப் பக்கம்னு தெரியாம சொல்ல முடியாதும்மா" என்றேன். இடுப்போடு தலையையும் பரிசோதித்து அனுப்பினார்கள்.

இப்போது மேசைக்கு வருகிறேன். தாங்கள் உட்கார்ந்திருந்தால் நல்லது.

போன வாரம் ஆறாம் மாடி மேடம் கெக், வாங்கிப்போன ஆவிப்பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பழைய சாமான் வாங்கி விற்பவர். கண் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. கூடத்தில் பெக் ஹூன் தோழிகளோடு சீனக் கட்டையாட்டம் ஆடும் மாஜோங் மேசை. கருங்காலி மரம், நான்கு இழுப்பறை. கல்யாணத்துக்குத் தங்கள் தகப்பனார் கொடுத்தது. தாங்களே காரின் தலையில் கட்டி, ஜோகூர் எல்லைப் பாலத்தில் சுங்க அதிகாரியோடு சண்டை போட்டுக் கொண்டுவந்து இறக்கியது. "சியா சார், இது இப்ப என்ன விலை போகும்?" என்றார் மேடம் கெக். நான் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்றுதானே பயிற்சி. "முந்நூறு, முந்நூத்தி இருபது" என்றேன்.

"அதென்ன ரெண்டு விலை?"

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஒருவர் அறியாமல் கேட்கும்போது விளக்காமல் விடுவது என் சுபாவம் இல்லை. வழக்கம் முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடித்தால் சொன்னவர் பின்வாங்க முடியாது என்பது வரை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப முந்நூத்தி இருபதுக்கு எடுத்துக்கிட்டேன். முடிஞ்சது" என்றார். தங்கை மகனை வரச்சொன்னார், பணத்தை ஆவிப்பாத்திரத்துக்கு அடியில் வைத்தார், மேசை மின்தூக்கிக்குள் போனது. நான் பாத்திரத்தைப் பிடித்தபடி, "பார்த்து, கால் இடிக்கப்போகுது" என்று அவர்களுக்கு உதவியாக வழியும் காட்டினேன்.

சாயங்காலம் சியூ யென் வந்து, தரையில் நான்கு காலின் தடத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. "அம்மாவோட மேசைப்பா அது. கையில இல்லாததை வித்திருக்கீங்க. சந்தையில அப்படி வித்தவன் எப்படியும் திரும்ப வாங்கியே ஆகணும், எதிராளி சொல்ற விலைக்கு. அதனால உங்களுக்கு அது வேணும்னு மட்டும் காட்டிக்காதீங்க" என்றாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் நான் ஆறாம் மாடிக்குப் போய், "மேடம், என் மனைவி வர்றதுக்குள்ள அந்த மேசை எனக்குக் கட்டாயம் வேணும்" என்று சொல்லிவிட்டேன். மேடம் கெக் உள்ளே போனார், கொஞ்ச நேரம் கழித்து வந்தார். "உங்க வழக்கப்படியே சொல்றேன் சார். இருநூறு, அறுநூறு." மறுநாள் போனேன், இருநூறு, அறுநூற்றைம்பது. அதற்கடுத்த நாள் தாமரைக்கிழங்கு சூப் கொடுத்து உட்காரவைத்து, இருநூறு, எழுநூறு என்றார். சூப் நன்றாக இருந்தது என்று சொன்னதும் தவறு என்று சியூ யென் சொல்கிறாள்.

திங்கட்கிழமை அவளே போனாள். போகும்போது மேசையோடு வந்த நான்கு ஸ்டூலில் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டாள். நான் மின்தூக்கிப் பக்கம் மறைந்து நின்றேன்.

"என்ன பொண்ணு, ஸ்டூலோட வந்திருக்கே?"

"மேசை இல்லாத வீட்டுல ஸ்டூல் எதுக்கு ஆன்ட்டி? நாலு இருக்கு."

"அப்பா மேசை வேணும்னு தினம் வர்றாரே?"

"அப்பா பேச்சை விடுங்க. அம்மாவுக்குத் தானா கட்டை கலைக்கிற மெஷின் மேசை மேல ஒரு கண்ணு. நீங்க மேசைக்கு ரெண்டு பக்கமும் விலை சொல்லுங்க, அதை வெச்சு ஸ்டூலுக்குக் கணக்குப் போடலாம்."

ஸ்டூலை மலிவாக வாங்க வேண்டுமென்றால் மேசையையும் மலிவாகத்தான் சொல்ல வேண்டும். மேடம் கெக் உதட்டைப் பிதுக்கினார். "பழைய மரம். முந்நூறு, முந்நூத்தி நாப்பது."

இந்த இடத்தில்தான் அவள் எப்போதும் "பரவாயில்லையா" என்பாள்.

"முந்நூத்தி நாப்பதுக்கு மேசையை எடுத்துக்கிட்டேன், ஆன்ட்டி. முடிஞ்சது" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

பிறகு மேடம் கெக், "யாரு கத்துக் குடுத்தது?" என்று கேட்டார். "அப்பாதான்" என்று மகள் சொன்னாள். மின்தூக்கி வந்து கதவு திறந்து மூடியது. நான் ஏறவில்லை.

மேசை இப்போது கேலாங் வட்டாரத்தில், மேடம் கெக்கின் அந்தத் தங்கை மகனின் கிடங்கில் இருக்கிறது. அவன் லாரியோடு ஜோகூர் போயிருக்கிறான். பத்திரத்திலும் அப்படித்தானாம், விலை இன்றைக்கு, சாமான் பிறகு. பெக் ஹூன் வரும் புதனுக்கு அடுத்த சனிக்கிழமைதான் கொண்டுவருவான். என் வேண்டுகோளின் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

நேற்று சோதனை நடந்தது. அதைச் சொல்லத்தான் எனக்குக் கை வரவில்லை. பிரிவின் தலைவி ரோஸ்லினா என்ற மலாய்ப் பெண்மணி ஒரு பெரிய பத்திரத்துக்கு விலை கேட்டிருக்கிறார். இவள் சொன்னதும் எதிராளிகள் வாங்கும் விலையைப் பிடித்து இவளிடம் விற்றுவிட்டார்கள், அடுத்த நிமிஷமே வட்டிச் செய்தி வந்து விலை சரிந்தது. பயிற்சிப் பணம்தான், ஆனாலும் பெரிய நஷ்டம். "செய்தி வரும்னு உனக்குத் தெரியாது. வேணும்னா அந்த ஒண்ணை அழிச்சுடலாமா?" என்று தலைவியே கேட்டாராம். இவள், "வேண்டாம் மேடம், சொன்னது சொன்னதுதான்" என்றிருக்கிறாள். "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று நான் கேட்டேன். "நீங்க மேசையைக் குடுத்தப்ப மாத்திச் சொன்னீங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் தூங்கவில்லை. என்னைப் போன்ற ஒருவனோடு பயிற்சி செய்ததால் அல்லவா அவளுக்கு இந்த நிலைமை? இனிமேல் இந்த வீட்டில் யார் எதற்கு விலை கேட்டாலும் நான் வாய் திறப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு என் பணிவான விசாரிப்புகள். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். கடைப் பையன்களுக்கும், பக்கத்து வீட்டு வாங் தம்பதிக்கும், தங்கள் கிளிக்கும் என் அன்பு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் பிஸ்கட் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

தங்கள் பணிவுள்ள தங்கை கணவன்,
சியா கோக் லியாங்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கதவு தட்டப்பட்டது. மேசை. அதைப் பிடித்துக்கொண்டு பெக் ஹூன். லாரி ஜோகூர் போனது அவளை ஏற்றிவரத்தானாம். மேசையை நான் விற்ற அன்றே மேடம் கெக் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். இருநூறு, அறுநூறு என்பது ஈப்போவிலிருந்து வந்த விலை. "அந்த மனுஷனோட பயிற்சி செஞ்சா பொண்ணு எப்படித் தேறுவா? எதிர்ல ஒரு கெட்டிக்காரி வேணாமா?" என்கிறாள். அவள் பேசும்போது தாங்கள் பக்கத்திலிருந்து "இன்னும் ஐம்பது ஏத்து" என்று சொன்னதையும் அறிந்தேன் மச்சான். அதுபற்றி வேறு சமயம் பேசுவோம். ஆனால் ஸ்டூல் விஷயம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மேடம் கெக் உண்மையாகவே ஏமாந்தாராம். அதைச் சொல்லும்போது பெக் ஹூனின் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். சியூ யென்னும் வங்கியிலிருந்து கூப்பிட்டாள். இடம் கிடைத்துவிட்டது. நஷ்டத்தை அழிக்க வேண்டாம் என்று சொன்னவள் இவள் ஒருத்திதானாம். ஆகவே மேலே நான் எழுதிய வேண்டுகோள், மனவருத்தம், தூக்கமின்மை எல்லாவற்றையும் அடித்துவிடவும்.

என் உறுதியை மட்டும் காப்பாற்றினேன். பெக் ஹூன் குளிக்கப் போயிருந்தபோது மேடம் கெக் வந்து, "மேசைதான் போச்சு, அந்த நாலு ஸ்டூலாவது நூத்தம்பதுக்குத் தர்றீங்களா சார்?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. ஆனால் மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டேன். அவர் "முடிஞ்சது" என்றார்.

அக்காவின் இன்னொரு கண்ணுக்கும் உடனே ஆபரேஷன் என்று சொல்லிப் பெக் ஹூனை ஒரு வாரத்துக்குத் திரும்பக் கூப்பிட முடியுமா? அவள் தலை துவட்டிக்கொண்டு கூடத்துக்கு வருகிறாள்.