மாமியார் அசையாமல் இருந்தபோது

படத்தில் மாமியாரின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கழுத்து சாய்ந்திருந்தால் பரவாயில்லை. கழுத்து நேராகத்தான் இருந்தது. நெற்றி மட்டும் வலப்பக்கம் கிளம்பிப் போய்விட்டது. முகவாய் கூடப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டது.

"எடுத்துட்டீங்களா மாப்ள?" என்றார் மாமியார்.

"எடுத்துட்டேன் அத்தை."

"எப்போ?"

"இப்பதான்."

"சத்தமே கேக்கலையே?"

"இது சத்தம் போடாது அத்தை."

"அப்ப எடுக்கறது எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு இவளைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

'இவள்' என்பது மாப்பிள்ளையின் மனைவி. வெளிச்சம் திருப்புவதற்காக ஒரு கையில் வெள்ளை அட்டையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் வீங்கிய கன்னத்தைப் பிடித்திருந்தாள். நேற்றிலிருந்து பல்வலி. டாக்டரிடம் போகமாட்டேன் என்று அவள் அடம்பிடித்ததற்குத்தான் திட்டு விழுந்துகொண்டிருந்தது. மாமியார் தலையை ஆட்டாமல் யாரையும் திட்டியதில்லை.

மனைவி எட்டிப் படத்தைப் பார்த்தாள். "அம்மாவை யாரோ சைக்கிள்லேர்ந்து தள்ளிவிட்ட மாதிரி இருக்கு."

மாமியார் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. இந்த மாதத்தோடு ஓய்வு. பள்ளி ஹாலில் இதுவரை இருந்த தலைமையாசிரியர்களின் படங்களெல்லாம் கதவு அளவுக்கு மாட்டியிருக்கும். அடுத்தது இவருடையது. அதை மாப்பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்று மாமியாரே சொல்லிவிட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். சாயங்காலத்துக்குள் படம் நன்றாக வந்துவிட்டால் மாடி அறை மாப்பிள்ளையின் ஸ்டூடியோ. வராவிட்டால் அது தனக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டருக்குக் கிளினிக்.

பல் டாக்டர் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார். ஹால் சோபாவில் அகலமாக உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல். வந்ததும் மாடிக்குப் போய் டேப்பை நீட்டி நீட்டி அளந்தார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"மேல தண்ணிக் குழாய் கிடையாதுங்க," என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"தண்ணி எதுக்கு?" என்றார் பல் டாக்டர் கம்பீரமாக. "இடம் அருமை!"

ஆபீஸ் வேலையை உதறிவிட்டு போட்டோகிராபராக வந்தவன் மாப்பிள்ளை. வந்து மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் வீட்டின் பின்பக்கத்துச் செங்கல் சுவரைத்தான் படமெடுத்தான். லென்ஸ் எவ்வளவு துல்லியம் என்று பார்க்கச் செங்கல் சுவரைப்போல எதுவும் கிடையாது. அதற்குக் கோடு உண்டு, மூலை உண்டு, எத்தனை முறை எடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது. அந்த வீட்டில் அந்தச் சுவருக்கு இருக்கிற அளவு படங்கள் வேறு யாருக்கும் இல்லை.

கேமராவைக் குறை சொல்ல முடியாது. பெரிய சென்சார் வைத்த மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா. கதவு அளவுக்குப் பெரிதாக்கினாலும் புருவ முடியை எண்ணலாம். ஆனால் அந்தக் கேமராவில் வெளிச்சத்துக்குத் திறந்து மூடுகிற ஷட்டர் உடம்புக்குள் இருக்காது, லென்ஸுக்குள் இருக்கும். அந்த லென்ஸை மாப்பிள்ளை இன்று காலையில் தூசி தட்டுவதற்காகக் கழற்றினான். கழற்றியது கழற்றியபடியே ஒரு தட்டில் கிடந்தது. திருகாணிகள் கட்டிலுக்கு அடியில் எங்கோ இருந்தன.

ஆகவே வேறு ஏதோ கேமராவின் பழைய லென்ஸ் ஒன்றை அடாப்டர் வளையம் போட்டு மாட்டியிருந்தான். அதில் ஷட்டர் இல்லை. இனி மிச்சம் இருப்பது எலெக்ட்ரானிக் ஷட்டர் ஒன்றுதான். அதில் எதுவும் திறந்து மூடாது, சத்தமும் வராது. சென்சார் மேலிருந்து கீழே, கையெழுத்துத் தெரியாத கடிதத்தை வாசிப்பதுபோல, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வரும். நெற்றியைப் படித்துவிட்டு அது முகவாய்க்கு வந்து சேர்வதற்குள் ஆள் அசைந்தால் போச்சு.

"எடுக்கறது எனக்குத் தெரிஞ்சா நான் அசைய மாட்டேன்ல," என்றார் மாமியார். நியாயம்தான்.

"சத்தம்தானே வேணும்?" மனைவி உள்ளே போய் ஸ்டேப்ளரோடு வந்தாள். "நீங்க பட்டனை அமுக்கறப்ப நான் இதை அமுக்கறேன்."

பள்ளி ஹாலில் மாட்டுகிற படம் உயரவாக்கில் வேண்டும் என்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேமராவை நிமிர்த்திப் பிடித்தான். மனைவி மாமியாரின் காதுக்குப் பக்கத்தில் ஸ்டேப்ளரை ஓங்கி அமுக்கினாள். டக்!

மாப்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு கேமராவைத் தொடைக்குப் பின்னால் மறைத்தான்.

"காட்டுங்க."

"வேண்டாம் அத்தை."

"காட்டுங்கன்னேன்."

கேமராவை நிமிர்த்தியதில் சென்சார் இப்போது பக்கவாட்டில் படித்திருந்தது. ஒரு கண்ணைப் படித்தபோது அது திறந்திருந்தது. அடுத்த கண்ணுக்கு வருவதற்குள் ஸ்டேப்ளர் சத்தத்தில் இமை மூடிவிட்டது. படத்தில் மாமியார் அழகாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தனை தலைமையாசிரியருங்க நடுவுல," என்றார் மாமியார் மெதுவாக, "நான் மட்டும் கண்ணடிச்சுக்கிட்டு இருக்கணுமா? காலைல பிரேயருக்கு வர்ற பசங்களைப் பாத்து?"

"பசங்க அட்டெண்டன்ஸ் கூடும்," என்றாள் மனைவி.

"நீ வாயை மூடுடி."

"மூடினாத்தான்மா வலிக்குது."

பல் டாக்டர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். செய்தித்தாள் குலுங்கியது.

வெளிச்சம் அதிகமானால் வேகமாக எடுக்கலாம், வேகமாக எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளை நினைத்தான். நினைத்ததோடு விடவில்லை. வீட்டிலிருந்த எல்.ஈ.டி. பல்பு விளக்குகளையெல்லாம் கொண்டுவந்து மாமியாரைச் சுற்றி நிறுத்தினான். படுக்கையறை விளக்கு, சமையலறை விளக்கு, கார் பழுது பார்க்கிற விளக்கு. மாமியாரைப் பார்த்தால் போலீஸ் விசாரணையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. வியர்வையும் அப்படியே.

அந்த வகைப் பல்புகள் நம் கண்ணுக்கு நின்று எரிவதாகத்தான் தெரியும். உண்மையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். வரி வரியாகப் படிக்கிற சென்சார் அந்தத் துடிப்பை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளும். படத்தில் மாமியாரின் முகம் முழுக்கக் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருந்தது.

"வரிக்குதிரை," என்றாள் மனைவி.

"ஃபிளாஷ் போடுங்களேன் மாப்ள. கல்யாணத்துலயெல்லாம் பளிச்சு பளிச்சுனு போடறாங்க."

"எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு ஃபிளாஷ் ஒத்துவராது அத்தை."

"அப்ப இதுக்கு என்னதான் ஒத்துவரும்?"

மாப்பிள்ளை யோசித்தான். "ரொம்ப நல்ல லென்ஸ் அத்தை இது," என்றான்.

"செங்கல்லுக்கு," என்றார் மாமியார். "மூணு மாசமா நானும் பாக்கறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த லென்ஸை ஒரு மனுஷன் பக்கம் திருப்பினீங்களா? பால்காரரு தினமும் தலைவாரிட்டு வர்றாரு, நீங்க எடுப்பீங்கன்னு."

பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தேன் என்று எல்லோருக்கும் தெரியும்படி பார்த்தார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை," என்றார். "அந்த மாடி ஜன்னல் பக்கமா என் நாற்காலியைப் போட்டா காத்து வரும். இல்ல, எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம்."

மாப்பிள்ளைக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஜன்னல் வடக்குப் பார்த்த ஜன்னல். நாள் முழுக்க ஒரே மாதிரி மெத்தென்று வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் வாயைப் பிளந்துகொண்டு யாரோ உட்காரப் போகிறார்கள்.

"அத்தை, கடைசியா ஒண்ணு," என்றான்.

விளக்குகளை அணைத்தான். மாமியாரை ஹால் ஜன்னலோரம் சுவரை ஒட்டி உட்காரவைத்தான். கழுத்துக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுத்தான். தோள் அசையாமலிருக்க இரண்டு பக்கமும் அகராதிகளை அடுக்கினான். காற்றில் முடி பறக்கக்கூடாது என்று ஃபேனை நிறுத்தினான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னான். மனைவியிடமிருந்து ஸ்டேப்ளரைப் பிடுங்கிக்கொண்டான்.

படம் விழுந்தது. தலை நேராக, கண் இரண்டும் திறந்து, பட்டை இல்லாமல், ஊசிமுனை போலத் துல்லியமாக. புருவ முடியை எண்ணலாம். மாப்பிள்ளை குதிக்காத குறைதான்.

மாமியார் திரையைப் பார்த்தார். மூச்சை விட்டார்.

"பல்லைப் புடுங்கறதுக்கு உக்காந்த மாதிரி இருக்கேன்."

"துல்லியமா இருக்கு அத்தை."

"துல்லியமாத்தான் இருக்கு. செங்கல் மாதிரி." பல் டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, உங்ககிட்ட வர்றவங்க இப்படித்தானே உக்காருவாங்க?"

"என்கிட்ட யாரும் இப்படி உக்காந்ததே இல்லைங்க," என்றார் பல் டாக்டர். மனதாரச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

அவ்வளவுதான். மாடி அறை கைநழுவிவிட்டது. மாப்பிள்ளை எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றான். கேமரா கையிலேயே இருந்தது. மனைவிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆத்திரம் வந்தது. பல்லும் விண்ணென்று தெறித்தது. மூன்றும் சேர்ந்து அவளை நேராகச் சோபாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தின.

"இடம் எப்படியும் உங்களுக்குத்தான். அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க," என்று பல் டாக்டர் முன்னால் மண்டியிட்டு வாயை ஆவென்று திறந்தாள்.

பல் டாக்டர் பின்னால் நகர்ந்தார். சோபா இடம் கொடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஆமா," என்றார். கடைசி வரிசைக் குரல் முதல் வரிசைக்கே கேட்கவில்லை. "பல்லு இருக்கு."

"எந்தப் பல்லு டாக்டர்?"

"எல்லாமே... இருக்கு."

"வலிக்கறதுக்கு என்ன செய்யட்டும்?"

பல் டாக்டர் மாமியாரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதையெல்லாம் தள்ளிப்போடக்கூடாதுமா. நல்ல டாக்டரா பாத்துக் காட்டிடுங்க."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தற்செயலாக மாமியார் பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றான்.

மாமியார் துண்டுக்கும் அகராதிகளுக்கும் நடுவில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஒரு பெரிய சிரிப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு அழுந்தியிருந்தது. கன்னம் இரண்டும் மினுங்கின. கண் நிறைந்து தளும்பியது. கொஞ்சம் அசைந்தாலும் வெடித்துவிடும் என்று தெரிந்ததால் ஒரு மயிரிழை அசையவில்லை. யாரோ முக்கியமான ரகசியத்தை அந்த வாய்க்குள் வைத்துப் பூட்டிய மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சம் சரியாக முகத்தில் விழுந்தது.

மாப்பிள்ளை கேமராவை உயர்த்தினான். லென்ஸ் வளையத்தை விரலால் திருப்பினான். அமுக்கினான்.

சத்தம் இல்லை. மாமியாருக்குத் தெரியவில்லை. சென்சார் ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்து முடித்தது.

அவன் திரையை நீட்டினான். ஹாலில் ஃபேன்கூட ஓடவில்லை. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எப்ப எடுத்தீங்க?"

"இப்பதான் அத்தை."

"சத்தமே கேக்கலையே," என்றார். இந்த முறை அது புகார் இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அம்மா! நீ இப்படியாம்மா இருப்ப?" என்றாள். கன்னத்திலிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"அந்த வரிசையில இருக்கற ஒருத்தரும் சிரிச்சதில்லை," என்றார் மாமியார். "நானும் சிரிக்கலை. ஆனா சிரிக்கப்போறேன்னு தெரியுது. பசங்க இனிமே பயப்படாம நிமிந்து பாப்பாங்க." எழுந்தார். அகராதிகள் சரிந்து விழுந்தன. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தில் ஒரு சாவியைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் வைத்தார். "நாளைக்குக் காலைல மொத ஆளு பால்காரரு. சொல்லிடறேன். அந்தச் சுவரு கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்."

மாப்பிள்ளை பல் டாக்டரைப் பார்த்தான். ஜெயித்தவனுக்கு வருகிற பெருந்தன்மை அவனுக்கும் வந்திருந்தது. "மன்னிச்சுக்கங்க சார். மதியத்துலேர்ந்து காத்திருந்தீங்க."

"பரவாயில்லை, பரவாயில்லை," என்றார் பல் டாக்டர். இடம் போன ஆள் மாதிரியே இல்லை. அவன் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். அவனுக்கு அது கொஞ்சம் வியப்பாக இருந்தது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினான்.

பாதிப் படியில் லென்ஸ் மூடி ஞாபகம் வந்து நின்றான். கீழே வாசலில் பல் டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு, தணிந்த குரல் என்று தான் நினைத்துக்கொண்ட குரலில் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"மேடம், நம்ம ஸ்கூல் நாடகத்துல இனிமே எந்த வேஷம் வேணும்னாலும் குடுங்க, பல் டாக்டர் மட்டும் வேண்டாம், உங்க பொண்ணு நிஜமாவே வாயைத் தொறந்ததும் எனக்கு வசனமே மறந்துபோச்சு."