பட்டுக்கடையில் அவிழ்ந்த மூட்டை

நல்லது செய்யக் கிளம்புகிறவனுக்கு நல்ல மனசு மட்டும் போதாது, கொஞ்சம் மூளையும் வேண்டும். எனக்கு முதலாவது மட்டுமே வாய்த்தது. (இரண்டாவதைப் பற்றி என் மனைவி எஸ்தரிடம் கேளுங்கள், விடிய விடியச் சொல்வாள்.)

ஒரு வருஷம் அடித்த புயலில் கடலோர மீனவர் குப்பம் ஒன்று கூரையில்லாமல் போனது. எங்கள் ஊர் செவிலிமேட்டில், சர்ச்சில் அண்டா நிறையப் புளிசாதம் கிளறினோம். நான் வேலை பார்க்கும் பட்டுக்கடை முதலாளி வேன் கொடுத்தார். அவர் சமணர், முட்டை பொரிக்கும் வாசனை வந்தாலே தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவர்.

"சோறு எத்தினி நாளைக்குப்பா வரும்? வலை பின்ற கொட்டகை விழுந்துடுச்சாமே, அதை நான் கட்டித் தரேன். நீ போய்ப் பாத்துக்கினு வா" என்றார். அந்தக் கொட்டகை எழுந்தால்தான் குப்பத்துக்குப் பிழைப்பு.

சாதம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, வீட்டைப் புயலுக்குப் பறிகொடுத்த ராணியம்மா அண்டாவைக் கழுவி, அதில் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுத் திருப்பித் தந்தார்.

"ஐயோ, வேணாம்மா. நீங்களே கஷ்டத்துல இருக்கீங்க."

"சோறு வந்த ஏனத்தை வெறுமனே அனுப்புவாங்களா? புயல் விட்டுட்டுப் போனது இதான். எடுத்துக்கினு போப்பா."

வாங்கிக்கொண்டேன். வேன் நாறக்கூடாதே என்று (பெரிய புத்திசாலி!) கருவாட்டை, வேனில் கிடந்த கடையின் வெள்ளைத் துணிகளில் சுற்றிச் சுற்றி, பழக்க தோஷத்தில் புடவை மூட்டை போலவே அழகாகக் கட்டினேன். வீட்டில் இறக்கிவிடலாம் என்று திட்டம். விட்டால்தானே! வழியில் முதலாளியின் போன்.

"ஓரிக்கையில தறிக்காரர்கிட்ட கல்யாணப் புடவை மூட்டை இருக்குது. எடுத்துக்கினு நேரா கடைக்கு வா. பொண்ணு வீட்டார் உக்காந்துக்கினு இருக்காங்க."

அந்த மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்ததும் நான் முகம் கழுவப் போனேன். அதற்குள் சேல்ஸ்மேன் பாபு ஒரு மூட்டையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எந்த மூட்டை என்று சொல்லவும் வேண்டுமா? நான் படியேறுவதற்குள் மணப்பெண்ணின் அத்தை முடிச்சை அவிழ்த்துவிட்டார். அரக்கு நிறக் கூரைப் புடவை விரிய வேண்டிய மெத்தை முழுக்க நெத்திலி.

"இன்னாபா இது, முகூர்த்தத்துக்கா?" என்று கத்தினார் அத்தை.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். வேலை போனால் போகட்டும், கொட்டகையும் போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னேன்.

கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வீடு போயும் இதைக் குடுத்தனுப்பிச்சாங்களா அந்தம்மா?"

"ஆமா சார்."

முதலாளி கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"கொட்டகை வேலையை உடனே ஆரம்பிக்கச் சொல்லு. முதல்ல இதை அள்ளுப்பா, தலை சுத்துது."

நான் குனிந்து அள்ள ஆரம்பித்தேன். அத்தை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும் அள்ளாத. எனக்குப் பாதி கட்டு."

கொட்டகை கான்கிரீட் தூண்களோடு எழுந்தது. அதன்பிறகு அடித்த காற்றுக்கெல்லாம் அசையவில்லை. எங்கள் வீட்டில் மட்டும், விசேஷத்துக்குப் புடவை எடுத்து வந்தால், எஸ்தர் முகர்ந்து பார்க்காமல் பிரிப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் உறவெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். முதலாளியோ ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் கொட்டகையைப் பழுதுபார்க்க ஆள் அனுப்புகிறார். என்னை மட்டும் அனுப்புவதில்லை.